தண்ணீரைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்: டின் காயும் உலர்ந்த காயும்

முருங்கைக்கீரைப் பொடி பாக்கெட்டுகளில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும்: "பாலைவிட 17 மடங்கு கால்சியம்." முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இது 100 கிராம் பொடியையும் 100 கிராம் பாலையும் தராசில் எதிரெதிரே வைத்துச் சொன்ன கணக்கு. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பொடியில் ஏழெட்டுப் பங்கு இருந்தாலே அதிகம். அதோடு, 100 கிராம் முருங்கைப் பொடியை ஒரே நாளில் விழுங்குகிறவர் யார்? ஒரு டீஸ்பூன் பொடி இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். அந்த 17 மடங்கை அப்படியே நம்பினாலும் 3 கிராமில் கிடைப்பது சுமார் 60 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை வைத்துப் பார்த்தால் அந்த 17 மடங்கும் ஆட்டம் காணும். பச்சை முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 314 மில்லிகிராம் கால்சியம் என்கிறது அது. கீரையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்த்தினால் சத்து சுமார் நான்கு மடங்கு செறியும், அவ்வளவுதான். பாலோடு ஒப்பிட்டால் சுமார் பத்து மடங்கு வரும், பதினேழு அல்ல.

டின் காய்களையும் உலர்ந்த காய்களையும் ஒப்பிடும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தக் குழியில்தான் விழுகின்றன. உலர்ந்த காய் 100 கிராம், டின் காய் 100 கிராம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் உலர்ந்த காய் எப்போதும் ஜெயிக்கும். அதில் தண்ணீர் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் வேண்டியதில்லை. போன தண்ணீரைக் கணக்கில் திரும்பச் சேர்த்த பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

கேரட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் கேரட்டுக்குப் பச்சை, வேகவைத்தது, டின், உலர்ந்தது என்று நான்கு வடிவத்துக்கும் எண்கள் இருக்கின்றன. பச்சைக் கேரட்டில் தண்ணீர் போக மீதி 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆலையில் உலர்த்திய கேரட்டில் மீதி 96 சதவீதம். ஆக, ஏறக்குறைய 8.2 மடங்கு செறிவு. எதுவும் தொலையவில்லை என்றால் எல்லாச் சத்தும் 8.2 மடங்கு ஆகியிருக்க வேண்டும்.

பொட்டாசியம் அப்படித்தான் ஆகிறது. பச்சையில் 320 மில்லிகிராம், உலர்ந்ததில் 2540. எதிர்பார்த்ததில் கிட்டத்தட்ட முழுவதும் இருக்கிறது. வைட்டமின் சி 5.9 மில்லிகிராமிலிருந்து 48 ஆகியிருக்க வேண்டும், அட்டவணை காட்டுவது 14.6. மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் சுமார் 8,300 மைக்ரோகிராமிலிருந்து 68,000 அளவுக்கு ஏறியிருக்க வேண்டும், இருப்பது 34,000. சரிபாதி. 100 கிராமுக்கு 34,000 மைக்ரோகிராம் என்று லேபிளில் அச்சடித்தால் பிரமாதமாக இருக்கும். பாதி காற்றோடு போனது லேபிளில் வராது.

டின் கேரட்டில் கதை வேறு. தண்ணீரை வடித்த பிறகு அதில் வைட்டமின் சி 2.7 மில்லிகிராம், பீட்டா கரோட்டின் சுமார் 5,300 மைக்ரோகிராம். எடைக்கு எடை பார்த்தால் கரோட்டினில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. டின்னுக்குள் கேரட் தண்ணீர் குடித்து 93 சதவீதம் ஈரமாகிவிட்டது, அதன் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கரைந்துவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான கரோட்டின் இழப்பு இன்னும் குறைவு. ஆக, கரோட்டினில் டின்தான் முந்துகிறது. பொட்டாசியத்தில் தோற்கிறது: 320-இலிருந்து 179-க்கு இறங்கிவிட்டது. பொட்டாசியம் அழியக்கூடியது அல்ல, அந்த உப்புத்தண்ணீரில் கிடக்கிறது. நாம்தான் அதைச் சிங்கில் ஊற்றுகிறோம்.

காரணம் எளிது. டின்னில் சத்துக்கு எதிரி சூடும் தண்ணீரும். உலர்த்தும்போது எதிரி காற்றும் வெளிச்சமும். கரோட்டின் தண்ணீரில் கரையாது, சூட்டையும் ஓரளவு தாங்கும், ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டால் உதிர்ந்துபோகும். காற்றில்லாத, இருட்டான டின் அதற்கு வசதியான இடம். தாது உப்புகளுக்கு வெயிலைப் பற்றிக் கவலையே இல்லை, தண்ணீரைக் கண்டால் மட்டும் இறங்கிப் போய்விடும். வைட்டமின் சி-க்கு நான்குமே ஆகாது. அதனால் எந்த வடிவத்திலும் வைட்டமின் சி-க்காக இவற்றை நம்ப வேண்டாம். ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா, அரை மூடி எலுமிச்சை என்று வேறு வழி பார்ப்பது நல்லது. நார்ச்சத்தும் புரதமும் இரண்டு வழியிலும் பெரிதாகக் குறைவதில்லை.

காய்களை டின்னில் அடைக்க அவ்வளவு சூடு எதற்கு என்ற கேள்விக்கு விடை புளிப்பில் இருக்கிறது. பெரும்பாலான காய்களின் அமிலத்தன்மை குறைவு, பிஎச் 4.6-க்கு மேல் (இந்த எண் கூடக் கூடப் புளிப்பு குறையும்). அந்த நிலையில், காற்றில்லாத இடத்தில், கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கொதிநீரின் 100 டிகிரி அந்த விதைகளைக் கொல்லாது. அதனால் ஆலைகள் அழுத்தத்தில் 121 டிகிரியை ஒட்டிச் சூடாக்குகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் வீட்டு முறைக் கையேடு அரை லிட்டர் அளவுள்ள சீசாவில் அடைத்த பச்சைப் பட்டாணிக்கு அழுத்தத்தில் 40 நிமிடம் கேட்கிறது, கேரட்டுக்கு 25. பட்டாணியின் வைட்டமின் சி-யும் பி1 என்கிற தயமினும் அந்த 40 நிமிடத்தில்தான் போகின்றன. நம் வீட்டுக் குக்கரில் சீசாவை வைத்து விசில் எண்ணிச் செய்துபார்க்கலாம் என்று இணையத்தில் சிலர் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். குக்கரின் அழுத்தம் போதுமானதாக இருந்தாலும் சீசாவின் நடுப்பகுதி எப்போது அந்தச் சூட்டை எட்டியது என்பது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. போட்டுலினம் நஞ்சு கலந்த உணவு மணத்திலோ ருசியிலோ மாறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தக்காளி இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கிறது. இயல்பிலேயே புளிப்பு என்பதால் கொதிநீர்ச் சூடு போதும் (சில தக்காளி 4.6-ஐத் தொட்டுவிடும், அதற்காகத்தான் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச்சாறு சேர்க்கச் சொல்கிறார்கள்). சூடு குறைவு, புளிப்பு துணைக்கு இருக்கிறது, அதனால் வைட்டமின் சி-யும் மற்ற டின் காய்களில் இருப்பதைவிட நன்றாகத் தங்குகிறது. செந்நிறம் தரும் லைக்கோபீனுக்குச் சூடு நல்லதே செய்கிறது. செல்சுவர் உடைந்து, எண்ணெயோடு சமைக்கும்போது சமைக்காத தக்காளியில் கிடைப்பதைவிட அதிகமாக உடலில் சேர்கிறது. டின் தக்காளியில் கால்சியம் 100 கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல், பச்சையில் 10 மட்டும். இது தக்காளியின் குணம் அல்ல. காய் குழையாமல் இருக்க ஆலையில் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள், அதன் கணக்குதான் அங்கே ஏறியிருக்கிறது.

வெயிலில் உலர்த்திய தக்காளியில் செறிவு 15 மடங்குக்கு மேல். லைக்கோபீனும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட அந்த விகிதத்திலேயே ஏறுகின்றன. வைட்டமின் சி மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. தக்காளி விஷயத்தில் டின், உலர்ந்தது இரண்டுமே நல்ல சரக்கு என்பதே என் கருத்து. உலர்ந்ததில் உப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டாணிக்கு வருவோம். குழப்பம் அதிகம் இங்கேதான். மளிகைக் கடையில் கிடைக்கும் உலர்ந்த பச்சைப் பட்டாணி, பிஞ்சுப் பட்டாணியை எடுத்து உலர்த்தியது அல்ல. செடியிலேயே முற்றிக் காய்ந்த விதை. அதாவது பருப்பு வகை. அதில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, வைட்டமின் சி பெயரளவுக்குத்தான். டின்னில் வருவது இரண்டு வகை. ஒன்று உண்மையிலேயே பிஞ்சாகப் பறித்து அடைத்தது. இன்னொன்று இதே உலர்ந்த பட்டாணியை ஊறவைத்து, அவித்து, பச்சை நிறம் சேர்த்து அடைத்தது. டின் பட்டாணியில் செயற்கை நிறம் சேர்க்க இந்திய விதிகள் இடம் தருகின்றன. லேபிளில் சேர்மானப் பட்டியலைப் படித்தால் உலர்ந்த பட்டாணி என்றோ நிறமி எண் என்றோ போட்டிருக்கும். அப்படிப்பட்ட டின்னை வாங்குவதைவிட, கால் கிலோ உலர்ந்த பட்டாணியை இரவில் ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் வைப்பது மேல். அதே பொருள்தான், விலையும் உப்பும் குறைவு, நிறமியும் இல்லை.

பிஞ்சுப் பட்டாணி டின் என்றால் அதன் வைட்டமின் சி 9.6 மில்லிகிராம். பச்சைப் பட்டாணியில் 40. பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் பட்டாணியைப் பச்சையாகவே தின்று தீர்க்கிறவர்கள் குறைவு. வேகவைத்து வடித்த புதுப் பட்டாணியில் 14.2 மில்லிகிராம்தான் இருக்கிறது. கேரட்டிலும் அப்படியே: பச்சை 5.9, வெந்தது 3.6, டின் 2.7. டின்னைப் பச்சைக் காயோடு ஒப்பிடுவது நியாயமல்ல, அடுப்பிலிருந்து இறங்கிய காயோடு ஒப்பிட வேண்டும். டின் காய் ஏற்கெனவே வெந்த காய். அதைக் குருமாவில் போட்டு மறுபடியும் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும். மற்றதெல்லாம் வெந்து உப்புக் காரம் சரிபார்த்த பிறகு கடைசியில் சேர்த்து, சூடு ஏறியதும் இறக்கினால் போதும்.

தயமினில் மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. வெந்த பட்டாணியில் 0.26 மில்லிகிராம், டின்னில் 0.12. வேகவைக்கும் சூட்டைத் தாங்கும் தயமின் ஆலைச் சூட்டைத் தாங்குவதில்லை. ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினும் கீரைகளில் பெரிதாக அடிபடும். டின் பசலையில் அது பச்சையில் இருப்பதில் பாதி. இவ்வளவும் அடைக்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு டின் அலமாரியில் ஒரு வருடம் கிடந்தாலும் கூடுதல் இழப்பு சொற்பம், உள்ளே ஆக்சிஜன் இல்லையே. உலர்ந்த காய் இதற்கு நேர்மாறு. உலர்த்தும் நாளில் கொஞ்சம், பிறகு டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

நம் வற்றல்களை இந்தத் தராசில் எப்படி வைப்பது? சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், கத்தரி, பாகல், மோர் மிளகாய் என்று வரிசையாகச் சொல்லலாம். முதலில் சொல்ல வேண்டியது, இவை காய்க்கு மாற்று அல்ல. ஒருவர் தட்டில் விழுவது ஐந்து கிராம் இருக்கும். அதில் நார்ச்சத்தையும் இரும்பையும் தேடுவதைவிட உப்பைத் தேடுவது புத்திசாலித்தனம். ஒரு கிலோ சுண்டைக்காயை 40 கிராம் உப்புப் போட்ட மோரில் மூன்று நான்கு நாள் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காயவைத்தால் 300 கிராம் அளவுக்கு வற்றல் வரும் என்று வையுங்கள். மோர் முழுவதையும் காய் குடித்துவிடும், உப்பு எங்கும் போகாது. அப்படியானால் 5 கிராம் வற்றலில் சுமார் 0.67 கிராம் உப்பு. வடித்த டின் பட்டாணி அரைக் கப்பில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டின் என்றால் உப்பு, வற்றல் என்றால் இயற்கை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டின்னுக்கு ஒரு சலுகைகூட உண்டு. தண்ணீரை வடித்து, குழாயடியில் ஓரிரு நிமிடம் அலசினால் சோடியத்தில் ஒரு பகுதி இறங்கிவிடும். வற்றலை எண்ணெயில் பொரிக்கும்போது உப்பு இறங்காது, எண்ணெய்தான் ஏறும்.

வற்றல் குழம்புக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அதில் எதையும் வடித்துக் கொட்டுவதில்லை. வற்றலிலிருந்து கரைகிற பொட்டாசியமும் பிற உப்புகளும் குழம்பிலேயே நிற்கின்றன. உலர்ந்த காயை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவர்கள், உலர்த்தியதில் காப்பாற்றிய ஒரே லாபத்தையும் ஊற்றிவிடுகிறார்கள். ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள். உப்புப் போட்டு உலர்த்திய காய்க்கு மட்டும் விதிவிலக்கு.

உப்பில்லாமல் வீட்டில் உலர்த்த நினைப்பவர்களுக்குக் கேரட்டை வைத்தே முறையைச் சொல்கிறேன். ஊட்டி கேரட் மலிவாக வரும் வாரத்தில் ஒரு கிலோ வாங்கித் தோல் சீவி, 3 மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்ட வேண்டும். தடிமன் ஒன்றுபோல் இருப்பது முக்கியம். மெல்லிய வில்லை கருகிக்கொண்டிருக்கும்போது தடித்தது உள்ளே ஈரமாக இருக்கும். பிறகு இட்லிப் பானையில் ஆவியில் மூன்று நான்கு நிமிடம். இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், நிறம் செத்துப்போவதும் அங்கேதான். காயை வெட்டியதும் அதற்குள் இருக்கும் நொதிகள் கரோட்டினையும் வைட்டமின் சி-யையும் தின்னத் தொடங்கும். ஆவி அவற்றை நிறுத்தும். கொதிநீரில் போட்டெடுத்தாலும் நிற்கும், ஆனால் தாது உப்புகள் தண்ணீரில் இறங்கும். ஆவியிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி, துணியில் ஒற்றி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும்.

உலர்த்தும் கருவி இருந்தால் 55 முதல் 60 டிகிரி. சீக்கிரம் முடியட்டும் என்று 75-க்கு ஏற்றினால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். வெளியே மொறுமொறு, மூன்றாவது வாரம் பூஞ்சை. மொட்டைமாடி வெயில் என்றால் மேலே மெல்லிய பருத்தித் துணி கட்டாயம். தூசிக்கும் ஈக்கும் மட்டும் அல்ல, நேரடி வெயில் கரோட்டினை வெளுக்கும் என்பதற்காகவும். முருங்கை, கறிவேப்பிலை போன்ற இலைகளுக்கு வெயிலே வேண்டாம். காற்றோட்டமான நிழலில் மெல்லியதாகப் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் நொறுங்கும் பதம் வரும். ஐப்பசி மழையில் இதை முயல வேண்டாம், காய்வதற்குள் இலை கறுத்துவிடும்.

கேரட் ஒடிக்கும்போது வளையாமல் முறிய வேண்டும். ஒரு கிலோவுக்கு 110, 120 கிராம் வந்தால் சரி. 150 கிராம் இருக்கிறதென்றால் இன்னும் காயவில்லை. முதல் வாரம் கண்ணாடிச் சீசாவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி மூடி, தினமும் ஒருமுறை குலுக்குங்கள். எல்லாத் துண்டுகளின் ஈரமும் சமனாகும். சீசாவின் உள்பக்கம் ஒரு துளி ஈரம் பூத்தாலும் எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். வாரம் கழிந்தபின் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி இருட்டில் வையுங்கள். சமையல் மேடையில் கண்ணாடிச் சீசாவில் வரிசையாக அடுக்கினால் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் ஆரஞ்சு நிறம் மங்க மங்க வைட்டமின் ஏ-வும் கூடவே மங்குகிறது என்று பொருள். நம் ஊர்ச் சூட்டில் ஆறு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் வாங்கும் உலர்ந்த காய் வருடக்கணக்கில் நிறம் மாறாமல் இருந்தால் பொதியில் 220 முதல் 228 வரை ஏதாவது எண் இருக்கிறதா பாருங்கள். கந்தக வகை பாதுகாப்புப் பொருள்கள் அவை. வைட்டமின் சி-யையும் கரோட்டினையும் காப்பாற்றும், தயமினை அழித்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பையும் கிளப்பும். உறையவைத்து உலர்த்திய காய்கள் இந்தக் கணக்குக்கெல்லாம் வெளியே நிற்பவை. அதிகச் சூடு படாததால் வைட்டமின் சி-யும் பெருமளவு தங்கும், விலையும் அதற்கேற்ப.

டின் வாங்கும்போது மொத்த எடையைப் பார்க்காமல் வடித்த எடையைப் பாருங்கள். 400 கிராம் கொண்டைக்கடலை டின்னில் கடலை 240 கிராம்தான், மீதி உப்புத்தண்ணீர். உப்பிய டின், மூடியின் விளிம்பிலோ பக்கத் தையலிலோ நசுங்கிய டின், திறக்கும்போது பீய்ச்சும் டின் மூன்றையும் ருசி பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். நடுவில் சின்னப் பள்ளம் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. திறந்தபின் மிச்சத்தை டின்னோடு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். காற்றுப் பட்டதும், குறிப்பாகத் தக்காளி போன்ற புளிப்புப் பொருளில், உட்பூச்சு இல்லாத இடத்தில் வெள்ளீயம் கரையத் தொடங்கும். கண்ணாடிக்கோ எவர்சில்வருக்கோ மாற்றினால் மூன்று நான்கு நாள் தாங்கும்.